நாலடி மூலைக்கு எந்தப் புல்? – தோட்டம்: கேள்வி பதில்

கேள்வி: வீட்டுப் பக்கவாட்டில் காம்பவுண்டு சுவரை ஒட்டி நாலடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு மூலை சும்மா கிடக்கிறது. அங்கே தண்ணீர்க் குழாய்களும் மோட்டாரும் கண்ணை உறுத்துகின்றன. அதை மறைக்க ஆள் உயரத்துக்கு ஒரு புல் வைக்க ஆசை. நர்சரியில் பாம்பாஸ் புல்லை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்கோ நம் மண்ணில் பிறந்த புல்தான் வேண்டும். ஆற்றோரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்குமே நாணல், அதை ஒரு தூர் கொண்டுவந்து வைக்கலாமா?

பதில்: நாணல் வேண்டாம். உங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது, மழை ஓய்ந்த பிறகு சாய்ந்த வெயிலில் நாணல் பூத்து அசைவதைப் பார்த்தவர்கள் யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுவரத்தான் நினைப்பார்கள். நானும் அப்படி நினைத்து ஒரு தூர் கொண்டுவந்து வேலியோரம் நட்டேன். முதல் வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாவது மழைக்குப் பிறகு, நட்ட இடத்திலிருந்து ஐந்தடி தள்ளி, நடைபாதைக் கற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு முளை எட்டிப் பார்த்தது. கல்லைப் பெயர்த்தேன். அடியில் விரல் பருமனுக்கு வெள்ளைத் தண்டு, கரும்பு போலவே கணுக் கணுவாக, ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு, நுனி ஊசி மாதிரி கூர்மையாக. அது மண்ணுக்குள்ளேயே ஓடிப் போய்க் கல் விளிம்பில் மேலே வந்திருந்தது. கடப்பாரை போட்டுத் தோண்டியபோது தண்டு ஒடிந்துகொண்டே வந்தது, ஒடிந்து மண்ணில் தங்கிய ஒவ்வொரு கணுவும் அடுத்த மாதம் ஒரு செடியானது. முழுதாக ஒழிக்க இரண்டு வருடம் பிடித்தது.

கரும்பு மாதிரி என்று சொன்னது வெறும் உவமை கிடையாது. நாணலும் கரும்பும் ஒரே பேரினம். நாணலுக்குத் தாவரவியல் பெயர் சக்காரம் ஸ்பாண்டேனியம். 1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பையும் நாணலையும் கலப்பினம் செய்துதான் கோ 205 ரகத்தை உருவாக்கி 1918-ல் வெளியிட்டார்கள். நோய்க்கும் வறட்சிக்கும் அசைந்து கொடுக்காத அந்த முரட்டுத்தனத்தைக் கரும்புக்குக் கொடுத்தது நாணல்தான். அதே முரட்டுத்தனம் ஆற்றங்கரையில் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது, உங்கள் மூன்றடி மூலையிலோ சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் தோட்டத்துக்கும் போய் முளைக்கும். பஞ்சு மாதிரி பறக்கிற விதை வேறு இருக்கிறது. கடல் கடந்து மத்திய அமெரிக்காவின் பனாமா வரைக்கும் போய் அங்கே காடு அழிந்த நிலங்களை வளைத்துப் பிடித்திருக்கிற புல் இது.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம், சின்ன இடத்துக்குப் புல் தேடுகிறவர்கள் எல்லோரும் உயரத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். எத்தனை அடி வளரும்? நம் மண்ணுப் புல்லா, வெளிநாட்டுப் புல்லா? இரண்டும் நல்ல கேள்விகள்தான். ஆனால் முதல் கேள்வி, அது எப்படிப் பரவுகிறது என்பதாக இருக்க வேண்டும். புல்லில் இரண்டு சுபாவம் உண்டு. ஒன்று குத்தாக நிற்பது, ஒரே தூரிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் முளைவிட்டு, வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டே போகும். இன்னொன்று ஓடுவது, மண்ணுக்கு அடியிலோ மேலேயோ தண்டை நீட்டி, தூரத்தில் போய்த் தலைகாட்டும். நாணல் ஓடுகிற வகை. தர்ப்பையும் அப்படித்தான். தர்ப்பை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு புற்கள் புழங்குகின்றன, இம்பெரட்டா ஒன்று, டெஸ்மோஸ்டாக்கியா இன்னொன்று, இரண்டுக்குமே அடியில் ஓடுகிற தண்டு உண்டு. இம்பெரட்டாவின் தண்டு நுனி பக்கத்துச் செடியின் வேரையே துளைத்துக்கொண்டு போகும். இவையெல்லாம் நம் மண்ணுப் புற்களே, சந்தேகமே இல்லை. நம் மண்ணுக்குரியது என்பதாலேயே நம் வீட்டு மூலைக்குப் பொருந்திவிடாது.

வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். நர்சரியில் பையோடு இருக்கிற செடியின் தூரைக் கையால் விலக்கிப் பாருங்கள். தாள்கள் எல்லாம் விசிறி மடித்த மாதிரி ஒன்றை ஒன்று ஒட்டி நெருக்கமாக எழுந்தால் அது குத்துப் புல். தனித்தனியாக, பையின் ஓரத்தில் ஒன்று, எதிர் ஓரத்தில் ஒன்று என்று முளைத்திருந்தால், அல்லது பையின் ஓட்டை வழியாக வெள்ளையாக ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

பாம்பாஸ் புல் குத்தாக நிற்கிற வகைதான், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, பூத்தால் பத்தடிக்கும் போகும், முற்றிய தூர் உங்கள் மூலையை முழுதாக அடைத்து வழிந்துவிடும். அதன் இலை விளிம்பு கையைக் கிழிக்கும், குழாயைத் திருகப் போகிறவருக்கு அது தினப்படி தொல்லை. கலிபோர்னியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று போன இடங்களிலெல்லாம் விதை பரவிக் களையாக மாறியிருக்கிறது. வேண்டாம்.

உங்கள் இடத்துக்கு என் பதில் வெட்டிவேர். இந்த மண்ணிலேயே பிறந்த புல், அதன் தமிழ்ப் பெயர்தான் பிரெஞ்சு வழியாகப் போய் உலகமெங்கும் வெட்டிவர் என்று வழங்குகிறது. இலைகள் நாலடியிலிருந்து ஐந்தடி வரை நிமிர்ந்து நின்று நுனியில் மட்டும் வளையும், பூத்தால் கதிர் ஆள் உயரத்தைத் தாண்டும். ஓடுகிற தண்டு கிடையாது. தென்னிந்தியாவில் பயிரிடுகிற வகை பூத்தாலும் முளைக்கக்கூடிய விதை கொடுப்பது அரிது, அதனால் தூரைப் பிரித்துத்தான் நடுகிறார்கள். வடக்கே காடுகளில் தானாக வளர்கிற வகை விதை மூலம் பரவும். ஆகவே விதையில் வளர்த்த கன்று என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், பயிர் செய்கிறவரிடம் தூர் பிரித்த நாற்றாகக் கேட்டு வாங்குங்கள். 1980-களில் உலக வங்கி மண்ணரிப்பைத் தடுக்க இதைப் பல நாடுகளில் பரப்பியபோதும், நட்ட வரிசையை விட்டு நகராத இந்தக் குணம்தான் பெரிய பலமாக இருந்தது. எலுமிச்சைப்புல்லும் குத்தாக நிற்பதுதான், இடம் இன்னும் குறுகலாக இருந்தால் அதையும் யோசிக்கலாம். ஆனால் வீடுகளில் பரவலாக இருக்கிற சிட்ரேட்டஸ் இனத்தின் தாயகம் தென்கிழக்கு ஆசியா. இந்தியாவைத் தாயகமாகக் கொண்டது பிளெக்சுவோசஸ் என்ற இனம். நம் மண்ணுப் புல்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருப்பதால் சொல்கிறேன், பெயர் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றே ஒன்று, வெயில். அந்த மூலையில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழ வேண்டும். சுவர் நிழலிலேயே இடம் கிடந்தால் வெட்டிவேர் மெலிந்து சரிந்துவிடும், எந்த உயரப் புல்லும் அப்படித்தான் ஆகும். நிழல் மூலைக்கு உயரமான புல்லைத் தேடாமல் வேறு இலைச்செடி பாருங்கள்.

கேள்வி: வெட்டிவேர் நாற்று கைவசம் இருக்கிறது. சின்ன இடத்தில் எத்தனை நடுவது, எப்படி நடுவது?

பதில்: நாற்று என்று கொடுப்பது பெரும்பாலும் தூரிலிருந்து பிய்த்த இரண்டு மூன்று தாள்தான். இலையை ஓர் அடி விட்டு மேலே நறுக்கிவிடுங்கள். வேரையும் ஒரு சாண் அளவுக்குக் குறைக்கலாம், நீளமான வேரைச் சுருட்டி மடித்துக் குழிக்குள் திணிப்பதைவிட இது நல்லது. வேர்ப்பக்கம் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் நிற்க வைத்தால் வெள்ளை வெள்ளையாகப் புது வேர் புள்ளிவிடும், அப்போது நடுங்கள்.

வயலில் வேலியாக நடுகிறவர்கள் அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் நெருக்கி நடுவார்கள். வீட்டு மூலைக்கு அவ்வளவு நெருக்கம் தேவையில்லை. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, முக்கால் அடிக்கு ஒன்றாக ஒரே வரிசையில் ஐந்து நாற்று போதும். சுவரை ஒட்டி நட்டால் அந்தப் பக்கம் வெளிச்சம் இல்லாமல் எல்லாத் தாளும் முன்னால் சாயும், நமக்கும் குழாய்ப் பக்கம் கை விட இடம் இருக்காது. தாளும் வேரும் சேருகிற அந்தக் கழுத்துப் பகுதி மண் மட்டத்தில் இருக்கட்டும், ஆழமாகப் புதைத்தால் அழுகும்.

மழைக்காலத் தொடக்கத்தில் நடுவது உத்தமம். முதல் மூன்று மாதம் மண் காயாமல் தண்ணீர், சுற்றிலும் களை இல்லாமல் பார்த்துக்கொள்ளுதல், இவ்வளவுதான் வேலை. முதல் வருடம் மேலே பெரிதாக ஒன்றும் தெரியவில்லையே என்று சலிக்காதீர்கள், அந்த நேரத்தில் அது கீழே போய்க்கொண்டிருக்கிறது. இடம் கொடுத்தால் முதல் வருடத்திலேயே மூன்று மீட்டர் ஆழம்கூட வேர் இறங்கும். வேர் ஊன்றிய பிறகு தண்ணீரை மறந்தாலும் பிழைத்துக்கொள்ளும், மழை நாளில் சில நாள் தண்ணீர் தேங்கினாலும் சாகாது. உரம் போடுகிற ஆர்வத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி மக்கிய தொழுவுரம், அதோடு சரி. தழைச்சத்து கூடினால் தாள் வழவழவென்று நீண்டு, நிற்க வலுவில்லாமல் படுத்துவிடும்.

கேள்வி: இவ்வளவு ஆழமாக வேர் போனால் சுவரின் அஸ்திவாரத்தைப் பெயர்க்காதா?

பதில்: பெயர்க்காது. மரத்தின் வேர் வருடா வருடம் பருக்கும், அந்தப் பருமன்தான் கல்லை நெம்பும். புல்லின் வேர் எத்தனை வயதானாலும் பருக்காது, வெட்டிவேரின் வேர் ஒரு மில்லிமீட்டர் பருமன்கூடப் பெரும்பாலும் இருக்காது. அது நேராகக் கீழே இறங்குவதால் பக்கத்துச் செடிகளோடு பெரிய போட்டியும் கிடையாது. இருந்தாலும் ஏற்கெனவே விரிசல் விட்டு ஒழுகுகிற கழிவுநீர்க் குழாய் அடியில் இருந்தால், ஈரத்தைத் தேடி எந்தச் செடியின் வேரும் உள்ளே நுழையும். குழாயை முதலில் சரி செய்யுங்கள்.

கேள்வி: உயரமான புல் வைத்தால் பாம்பு அடையும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள். வெட்டிவேர் வாசனைக்குப் பாம்பு வராது என்றும் இன்னொருவர் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: பெரியவர்கள் பயத்தை அப்படியே தள்ளிவிடாதீர்கள், அதில் விஷயம் இருக்கிறது. வாசனைக்குப் பாம்பு வராது என்கிற பேச்சை மட்டும் நம்பவே வேண்டாம். அதை நம்பித் தூருக்குள் கையை விட்டால் ஆபத்து.

பாம்பு புல்லைத் தேடி வருவதில்லை, எலியையும் தவளையையும் தேடி வருகிறது. பழைய தாள்கள் காய்ந்து சரிந்து, அடியில் மெத்தை மாதிரி படிந்து கிடந்தால் எலி அதில் குடியேறும், பின்னாலேயே மற்றது வரும். எனவே தூரின் அடிப்பகுதி எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். காய்ந்த தாள்களை மாதம் ஒருமுறை நீளக் கைப்பிடி உள்ள வாரியால் இழுத்துவிடுங்கள், தூரைச் சுற்றி ஓர் அடிக்குச் செங்கல் பதித்தோ பொடிக்கல் கொட்டியோ வெறுமையாக வையுங்கள். செங்கல் குவியல், பழைய பலகை, உடைந்த தொட்டி எதையும் அதன் பின்னால் போட்டு மறைக்காதீர்கள், உண்மையில் பாம்பு தங்குவது அங்கேதான். தூரில் வேலை செய்யும் முன் ஒரு கம்பால் நாலு தட்டு தட்டுங்கள். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். அது பாம்புக்காக மட்டும் அல்ல, இலையின் சுனைக்காகவும்தான். வெட்டிவேர் இலையை நுனியிலிருந்து அடிப்பக்கமாக உருவிப் பார்த்தால் தெரியும், விளிம்பில் அரம் மாதிரி நுண்ணிய பற்கள். புல் மண்ணிலிருந்து மணல்சத்தை, அதாவது சிலிக்காவை, உறிஞ்சி இலையில் சேர்த்து வைப்பதால் வருகிற கூர்மை அது. தவழ்கிற குழந்தைகள் இருக்கிற வீட்டில் நடைபாதை ஓரமாக இதை வைக்காதீர்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, பெரியவர்களும் ஒப்பவில்லை என்றால், புல்லை விட்டுவிடுங்கள். மனக்கசப்போடு வளர்க்கிற செடியை யாரும் சரியாகப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: நான் வட அமெரிக்காவில், பனி விழுகிற இடத்தில் இருக்கிறேன். வாசலோரம் மூன்றடி அகல இடம். வெட்டிவேர் இங்கே வருமா?

பதில்: வராது என்று எடுத்துக்கொள்ளுங்கள், கடும் உறைபனியை அது தாங்காது. அதைவிட முக்கியமாக, நம் மண்ணுப் புல் என்று இங்கே பேசுகிற நியாயம் உங்களுக்கு அந்த ஊர்ப் புல்லைத்தான் காட்டும். அந்த நிலத்துப் பூச்சிக்கும் பறவைக்கும் பழகிய புல் அதுதானே.

வட அமெரிக்கப் புல்வெளிகளின் பெரிய புற்களில் பிக் புளூஸ்டம், இந்தியன் கிராஸ் இரண்டும் பரந்த வெளியில் பார்க்க அருமையானவை, ஆள் உயரம் தாண்டும். மூன்றடி இடத்தில் பக்கத்துக்குப் புல் தாங்கல் இல்லாமல் கலைந்து சாயும். லிட்டில் புளூஸ்டம் இடத்துக்குள் அடங்கும், ஆனால் பெயருக்கேற்ற மாதிரி இடுப்பு உயரம்தான், சத்தான மண்ணில் அதுவும் சரியும். உங்களுக்கு நான் சொல்வது சுவிட்ச்கிராஸ், அதிலும் நார்த்விண்ட் என்ற ரகம். ஐந்தடிக்கு மேல் வளர்ந்தும் தூண் மாதிரி நேராக நிற்கும், அகலம் இரண்டு இரண்டரை அடிக்குள். அமெரிக்காவில் பல்லாண்டுச் செடிகளுக்கான சங்கம் 2014-ல் அந்த ஆண்டின் செடியாகத் தேர்ந்தெடுத்ததும் இதைத்தான். ஒரே ஒரு செடி போதும், மூன்று வைக்க இடம் பார்க்காதீர்கள். இலை உதிர் காலத்தில் காய்ந்து பழுப்பானதும் வெட்ட வேண்டாம். குளிர்காலம் முழுக்க அப்படியே நிற்கட்டும், விதையைப் பறவை தின்னும், தூருக்குள் பூச்சிகள் ஒதுங்கும். வசந்தம் தொடங்கிப் பச்சை முளை தெரிவதற்கு முன் அரை அடி உயரம் விட்டு நறுக்குங்கள்.

கேள்வி: நாலு வருடமாக ஒரு தூர் வெட்டிவேர் இருக்கிறது. இப்போது நடுவில் வழுக்கை விழுந்த மாதிரி காய்ந்துபோய், சுற்றிலும் மட்டும் பச்சையாக இருக்கிறது. நோயா?

பதில்: நோய் கிடையாது, வயது. குத்துப் புல் எல்லாமே வெளிப்பக்கமாகத்தான் புது முளை விடும், பழைய நடுப்பகுதி நாளாக நாளாகச் செத்துப்போகும். வருடத்துக்கு ஒருமுறை ஓர் அடி விட்டு மேலே முழுக்க அறுத்துவிட்டால் வெளிச்சம் உள்ளே போய், இந்த நிலை வரத் தாமதமாகும். புல்லின் வளரும் முனை அடியில், மண் மட்டத்தில் இருக்கிறது, ஆகவே அறுக்கப் பயப்பட வேண்டாம். இப்போது வந்துவிட்டதால், தூரைப் பிரித்து நடுவதுதான் வழி. கூரான மண்வெட்டியால் தூரை நாலாகப் பிளந்து, செத்த நடுவை எறிந்துவிட்டு, வெளி ஓரத்துத் துண்டு ஒன்றை மட்டும் அதே குழியில் நடுங்கள். மிச்சத்தைக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள். உடம்பில் கொஞ்சம் பலம் வேண்டும், ஒரு நாள் முன்பே நன்றாகத் தண்ணீர் விட்டு மண்ணை ஊற வைத்தால் பாதி வேலை குறையும்.

அறுக்கும் முன் ஒருமுறை தூரை உற்றுப் பாருங்கள். அந்தி வேளையில் தாழப் பறக்கிற பழுப்புப் பட்டாம்பூச்சியின் புழு புல் இலையில்தான் வளர்கிறது, இலையின் அதே பச்சை, தலையில் இரண்டு குட்டிக் கொம்பு. அது இருந்தால் இரண்டு வாரம் பொறுத்து அறுங்கள். தூக்கணாங்குருவி இருக்கிற பக்கமாக இருந்தால் பாதியை மட்டும் அறுத்து மீதியைக் கூடு கட்டும் காலம் வரை விட்டுவையுங்கள், நீளமான இலையைக் கவ்விக் கிழித்து, நார் நாராக எடுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: மண்ணே இல்லை, மொட்டைமாடிதான். தொட்டியில் வருமா?

பதில்: வரும். ஆனால் பூந்தொட்டி பற்றாது, இரண்டடி ஆழமாவது உள்ள டிரம் வேண்டும், அடியில் நாலைந்து ஓட்டை. மணல் கலந்த மண்ணாக நிரப்புங்கள். மாடியில் காற்று வேகம், உயரமான புல் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்து டிரம்மையே சாய்க்கும், அதனால் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காமல் மூலையில் தரையில் வையுங்கள், உயரத்தையும் நாலடிக்குள் நறுக்கி வையுங்கள். இரண்டு வருடத்தில் டிரம் முழுக்க வேர் அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே நிற்கும். அதுதான் பிரித்து நட வேண்டிய நேரம். டிரம்மைப் படுக்கப் போட்டு உருட்டி, தட்டி, முழுக் கட்டியாக வெளியே இழுங்கள். மண்ணை உதறும்போது வருகிற வாசனை அன்று பூராவும் கையில் இருக்கும். அலசி நிழலில் காய வைத்தால் அந்த வேரையே அலமாரித் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம். தரையில் நட்டவர்கள் இந்த ஆசையில் தோண்டிவிடாதீர்கள், வேருக்காகத் தோண்டினால் மறைப்பு போய்விடும்.